தள்ளிப் படுக்காத எருமை

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் கிறிஸ்தவர்கள். எப்படி என்று கேட்காதீர்கள், கதை நகராது.

அந்தக் காட்டில் ஆசீர்வாதம் என்று ஒரு எருமை இருந்தது. கெட்ட எருமை இல்லை. யாரையும் முட்டாது, பொய் சொல்லாது. ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடும். ஒரே ஒரு குணம்தான், படுத்தால் எழுந்திருக்காது.

அந்தக் கோடையில் அது போய்ப் படுத்த இடம் ஊற்றின் வாய். தண்ணீர் வந்து வயிற்றில் சில்லென்று முட்டியது. பரலோகம் இப்படித்தான் இருக்கும் என்று ஆசீர்வாதம் நினைத்துக்கொண்டது. ஆனால் ஊற்று அடைபட்டுப் போனதால், கீழே இருந்த பள்ளத்துக்குத் தண்ணீர் போகவில்லை. பள்ளத்தில் சுகிர்தம் என்ற தவளையின் குஞ்சுகள் இருந்தன. எல்லாம் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் வற்றினால் குதித்து ஓடவும் வழியில்லை.

சுகிர்தம் மேலே ஏறி வந்தது. "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படுங்க. பிள்ளைங்க செத்துப் போயிரும்."

ஆசீர்வாதத்துக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் வயிறு சில்லென்று இருந்ததே. "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் தங்கச்சி" என்றது.

அந்தக் காட்டில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்வார்கள்.

சொன்ன வாய்க்காக எருமை கண்ணை மூடி, நான் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டது. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டது. பதில் வந்துவிட்டது.

"ஆசீர்வாதம், எழுந்து தள்ளிப் படு."

இடி இல்லை, மின்னல் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் சொல்வது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

எருமைக்குச் சங்கடமாகிவிட்டது. இது உம்முடைய சத்தம்தான் என்றால் மேலே இருக்கிற மரத்திலிருந்து ஒரு இலை விழட்டும் என்றது. விழுந்தது. இலை என்றால் விழத்தானே செய்யும், எல்லா இலையும் விழட்டும் என்றது. எல்லா இலையும் விழுந்தது. மரம் மொட்டையாகி, எருமையின் முதுகில் சருகு மலை போல் குவிந்தது. நிழலும் போச்சு. வெயில் சுள்ளென்று இறங்கியது. இந்த வெயிலில் மனுஷன் எழுந்திருப்பானா என்று எருமை இன்னும் அழுந்திப் படுத்தது. பள்ளம் இன்னும் வேகமாக வற்றியது.

அப்போது கொக்கு உபதேசியார் வந்தார். நின்றது பள்ளத்தில், ஒற்றைக் காலில். பேசியது எருமையிடம்.

"தேவ சித்தத்துல அவசரம் ஆகாது தம்பி. சரீரத்துல எழும்பச் சொன்னாரா, ஆவியில எழும்பச் சொன்னாரா? உபவாசம் இருந்து கேளும்." நடுவில் குனிந்து எதையோ விழுங்கிவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

எருமை உபவாசம் இருந்தது. அசைபோடுவது மட்டும் கணக்கில் சேராது, அது பழைய சாப்பாடு. தினமும் அதே சத்தம் வந்தது, அதே வார்த்தை. தினமும் எருமை வருகிற போகிற எல்லாரிடமும் இன்றைக்கும் ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொல்லிச் சிலிர்த்தது. காடு முழுக்க இதே பேச்சு. கடைசியில் உபதேசியார் ஊற்றங்கரையிலேயே ஒரு நன்றிக் கூட்டம் ஏற்பாடு செய்தார். குரங்குகள் தோரணம் கட்டின. மயில் ஒரு பாட்டுக்கூட இயற்றிவிட்டது.

கூட்டம் தொடங்கும் முன் சுகிர்தம் வந்தது. பள்ளத்தில் இப்போது ஒரு உள்ளங்கைத் தண்ணீர்தான். அதில் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"அண்ணே, ஆண்டவர் உங்ககிட்ட என்னதான் சொன்னாரு?"

"எழுந்து தள்ளிப் படுன்னு சொன்னாரு தங்கச்சி."

"அப்போ?"

"அதைத்தான் தியானிச்சுக்கிட்டு இருக்கேன்."

எருமை படுத்தபடியே சாட்சி சொன்னது. கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். சுகிர்தமும் அழுதது, அது வேறு அழுகை.

அந்த நேரத்தில் ஆண்டவர், கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு மாட்டு ஈயிடம் பேசினார். "போய் எருமையைக் கடி."

ஈ போய்க் கடித்தது. வாலுக்குக் கீழே, நல்ல இடமாகப் பார்த்து.

"ஐயோ, பிசாசு!" என்று எருமை துள்ளி எழுந்தது. தோரணம் அறுந்தது. ஊற்று பிய்த்துக்கொண்டு பாய்ந்து, ஒற்றைக்கால் உபதேசியாரை வாரிக் கவிழ்த்தது. அவர் நனைந்த சிறகோடு, கூட்டத்தை ஜெபித்து முடிக்காமலே பறந்துபோனார். எருமை எழும்பிவிட்டது, எழும்பிவிட்டது என்று கூட்டம் கை தட்டியது.

ஆசீர்வாதம் வழக்கம்போலக் கண்ணை மூடப் போனது. அதற்குள் பள்ளம் கண்ணில் பட்டுவிட்டது. சுகிர்தம் தண்ணீருக்குள் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனது. தொட்டதும் பல நெளிந்தன. சில நெளியவில்லை.

எருமை மெதுவாக ஈயிடம் கேட்டது. "தம்பி, உன்கிட்டயும் பேசினாரா? எவ்வளவு நேரம் ஜெபிச்சே?"

"ஜெபிக்கலண்ணே. அவர்தான் பேசிட்டாரே. அதுக்கப்புறம் நான் எதுக்குப் பேசணும்?"

மயில் அடுத்த பாட்டை எடுத்தது. ஆண்டவர் எருமையிடம் இன்னும் ஒன்று சொன்னார். இந்தத் தடவை எருமை அதை யாரிடமும் சொல்லவில்லை. நேராகப் பள்ளத்துக்கு இறங்கிப்போய், தன் நிழல் தண்ணீரில் விழுகிற மாதிரி வெயிலில் நின்றது.

நீதி: ஆண்டவர் சொன்னதைச் செய்யாதவன், அதைக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.