நெட்டைக்கல்லின் சோற்று நிழல்

கடவுள் புத்தியைப் பங்கு போட்ட அன்றைக்கு எல்லா ஊர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள். நெட்டைக்கல்பாளையத்தார் மட்டும் சோற்று வேளையாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஊரில் சோற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது.

ஏரிக்குள் ஆதிகாலத்துக் கல் ஒன்று மூன்றாள் உயரத்துக்கு நட்டபடி நிற்கும். உச்சிப்பொழுதில் அதன் நிழல் பக்கத்திலிருக்கும் தவளைப்பாறையைத் தொடும். தொட்டதும் மாரப்பன் "சோறூ!" என்று கூவுவார். அதற்குமுன் யாரும் உருண்டை பிடிக்கக்கூடாது. கூவுகிற உரிமை பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மாரப்பன் குடும்பத்துக்குத்தான். ஊரிலேயே அதிகம் பசிக்கிறவரும் அவர்தான்.

ஒருநாள் பழைய கற்களைப் பாதுகாக்கிற ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார்.

"ஏரிக்கரையை உயர்த்தியாச்சு. தண்ணி வந்தா கல்லு முழுகிடும். அதுக்குள்ள தூக்கி மேட்டுல நட்டுடுங்க. இங்க எப்படி நின்னுதோ அங்கயும் அப்படியே நிக்கணும். எதுவும் மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கைபலத்துக்குக் குறைச்சலில்லாத ஆட்கள். சுற்றிலும் தோண்டி, வடம் கட்டிச் சாய்த்து, பனந்துண்டுகளை உருட்டி, மாடு பூட்டி இழுத்து, மேட்டில் நிறுத்தியே விட்டார்கள். கல்லுச்சியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காக்கையையும் கூடையில் மூடி எடுத்துப் போனார்கள். கூடையைத் திறந்ததும் அது பறந்துவிட்டது.

"வேற காக்காயைப் பிடிச்சுக் கட்டிரலாமுங்க" என்றான் மாரப்பனின் தங்கை மகன் நாச்சிமுத்து.

"ஆபீசர் படிச்சவரு. மூஞ்சியைப் பாத்தா கண்டுபிடிச்சிருவாரு" என்றார் மாரப்பன். எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அடுத்து, குழி நினைவுக்கு வந்தது. கல் நின்றது குழியில்தானே? குழி மாறினால் எல்லாமே மாறின மாதிரிதானே? குழியைப் பெயர்த்தெடுக்க அதைச் சுற்றித் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் குழி பெரிதாகிக்கொண்டே போனது.

"கல்லைவிடக் கனமா இருக்கும்போலிருக்கு. இது இங்கயே கிடக்கட்டும்" என்று மாரப்பன் மண்வெட்டியைப் போட்டார். பொழுது உச்சிக்கு வந்திருந்தது. வழக்கம்போல் தவளைப்பாறையைப் பார்த்தார். பாறைமேல் வெயில்தான் இருந்தது.

நிழல் வரவேயில்லை. வீட்டுக்கு வீடு சோறு ஆறியது. குழந்தைகள் அழுதன. மாரப்பனின் மனைவி குப்பாத்தா அரிசிம்பருப்புச் சோற்றுச் சட்டியோடு ஏரிக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, பொழுது மேக்கால சாஞ்சிருச்சு. கூவித் தொலைங்களேன்!"

"தொடாம எப்படிக் கூவறது? பொய்க்கூவல் கூவினா பரம்பரைக்கே கெட்ட பேரு." சட்டியைப் பார்த்தபடி மாரப்பன் எச்சில் விழுங்கினார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

ஊர் கூடிப் பேசியது. நிழல் பாறைக்கு வரவேண்டுமானால் பழைய இடத்தில் ஏதாவது நிற்க வேண்டும். உரிமைக்காரர் மாரப்பனே நிற்பதுதான் முறை என்று முடிவாயிற்று. மறுநாள் அவரைக் குழியில் இறக்கி, மார்வரை மண் தள்ளினார்கள். உயரம் போதாததால் தலையில் கூடைமேல் கூடையாக அடுக்கினார்கள். பறந்து போன காக்கை எங்கிருந்தோ வந்து உச்சிக்கூடையில் உட்கார்ந்தது.

"காக்காயே ஒத்துக்கிச்சு!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

உச்சிப்பொழுதில் கூடைநிழல் பாறையைத் தொட்டது. மாரப்பன் சந்தோஷம் தாங்காமல் "சோறூ!" என்று கூவினார். ஊரே பாய்ந்தோடிச் சாப்பிட்டது. குப்பாத்தா அவர் வாயருகே ஓர் உருண்டையை நீட்டினாள்.

நாச்சிமுத்து ஓடிவந்து தடுத்தான். "அத்தை, கல்லு எங்கயாச்சும் சோறு திங்குமா? கல்லு எப்படி நின்னுதோ அப்படித்தானே மாமன் நிக்கணும்?"

மாரப்பன் யோசித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து அந்தக் கல் ஒருவாய்கூடச் சாப்பிட்டதில்லை. "பையன் சொல்றது சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி மலையில் பெய்த மழை, விடிந்ததும் வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்துவிட்டது. தண்ணீர் மாரப்பனின் கழுத்தைத் தொட்ட நேரத்தில் ஆபீசரின் ஜீப்பும் வந்து நின்றது. மேட்டில் கல்லைக் கண்டு மகிழ்ந்த மனுஷன், ஏரியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, மொதல்ல அவரைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டு போங்கய்யா!"

"எப்படி நின்னாரோ அப்படியேங்களா?"

"எப்படியாச்சும் தூக்குங்கய்யா!"

தூக்கினார்கள். மேட்டில் கல்லுக்குப் பக்கத்திலேயே குழி பறித்து, மாரப்பனை மார்வரை நட்டு, ஒரு கூடை குறையாமல் அடுக்கினார்கள். காக்கையும் வந்து உட்கார்ந்தது. ஆபீசர் கூடைகளை அண்ணாந்து பார்த்தார். கடைசியில் குப்பாத்தாவிடம், "அம்மா, அவருக்கு ஒரு வாய் சோறாவது ஊட்டுங்க" என்றார்.

ஆபீசரே சொல்லிவிட்டார். மாரப்பன் ஆவென்று வாயைத் திறந்தார். உருண்டை உதட்டைத் தொடும்போது சட்டென்று மூடிக்கொண்டார்.

"இரு புள்ள. அங்க பாறையை நிழல் தொட வேண்டாமா? குழி காலியாக் கிடக்குதே!"

எல்லாரும் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தளவு தண்ணீரில், தலையில் ஏழெட்டுக் கூடைகளோடு நாச்சிமுத்து குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

"கவலைப்படாதீங்க மாமா! நீங்க எப்படி நின்னீங்களோ அப்படியே நிக்கிறேன்!"