மிளகுக்குக் கிடைத்த ராஜவீதி வீடு

பவழமங்கலத்தில் அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜவீதிகள் இருந்தன. அந்த வீதிகளில் வாடகைக்கு வீடு பிடிப்பதைவிட அரண்மனையைப் பிடிப்பதே சுலபம் என்று எதிரி நாட்டுக்காரர்கள்கூடப் பேசிக்கொள்வார்களாம்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் செங்கோடன் வந்து சேர்ந்தான். மலையடிவாரத்து ஆள், வாய் சாமர்த்தியக்காரன். அவன் பேச்சு பிடித்துப்போய் மன்னர் வீரகேசரி அவனை வரவழைத்துச் சபையில் ஆசனம் கொடுத்தார். அவனோடு ஒரு கறுப்பு நாயும் வந்தது. பெயர் மிளகு. தாய் தகப்பன் இல்லாத, கல்யாணமும் ஆகாத செங்கோடனுக்கு உறவென்று இருந்தது அது ஒன்றுதான்.

“நான் கூப்பிட்டால் நீ உடனே வரவேண்டும், செங்கோடா. பௌர்ணமிக்குள் ராஜவீதியில் குடியேறு. முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போ” என்றார் மன்னர்.

இதைக் கேட்டு உள்ளுக்குள் குதித்தவர் நகர அதிகாரி அம்பலவாணர். ராஜவீதி வீடுகளில் பாதி அவருடையது. மீதி வீட்டுக்காரர்கள் அவருக்குப் பயந்தவர்கள். செங்கோடனுக்குப் போன ஆசனத்தை அவர் தம் மைத்துனனுக்காகக் குறிவைத்திருந்தார். “நாய் வைத்திருப்பவனுக்கு யாரும் வீடு கொடுக்கக்கூடாது” என்று நான்கு வீதிகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

செங்கோடன் படியேறி இறங்கினான். கீழவீதியில் ஒருவர், “நாய் குரைக்கும். எங்களுக்குச் சத்தமே ஆகாது” என்றார். அவர் சொன்னதே இவன் காதில் விழவில்லை. உள்ளே அவர் மனைவியும் மருமகளும் போட்ட சண்டை தெருக்கோடிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

வடக்குவீதியில் ஒரு அம்மாள் கதவை ஒரு விரல்கடை திறந்தாள். “உன் நாய் என்ன சாப்பிடும்?”

“நான் சாப்பிடுவதைத்தான் அம்மா.”

“நீ என்ன சாப்பிடுவாய்?”

செங்கோடன் உண்மையைச் சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

மேலவீதிக்காரர் நாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. “எந்த ஊர்? என்ன ஆட்கள்? சொந்தக்காரர்கள் யார்?” என்று துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், “நாய்கூடப் பரவாயில்லை. உம்மைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது” என்றார்.

அன்று சாயங்காலம் குளத்துப் படியில் களைத்துப்போய் உட்கார்ந்தான் செங்கோடன். மலைப்பக்கம் போகிற வண்டிக்காரன் ஒருவன், “நாயை என்னிடம் விடு. நான் வளர்க்கிறேன்” என்றான். நல்ல மனிதன்தான். செங்கோடனும் ஒரு நிமிடம் யோசித்தான். அதற்குள் மிளகு அவன் காலில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. காலை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வண்டி போய்விட்டது.

பௌர்ணமியும் வந்தது. சபையில் அம்பலவாணர் முந்திக்கொண்டார். “அரசே, ராஜவீதியில் எத்தனையோ வீடு காலி. இவருக்குத்தான் குடியேற மனமில்லை.”

மன்னர் முகம் சிவந்தது. “என்ன செங்கோடா, என் கட்டளை விளையாட்டா?”

“இல்லை அரசே. வீட்டுக்காரர்களுக்குப் பிடித்தமாதிரி இருக்க எனக்குத் தெரியவில்லை. எப்படிப்பட்டவர் குடிவந்தால் பிடிக்கும் என்று ஐயாவே சொல்லட்டும். கற்றுக்கொள்கிறேன்.”

அம்பலவாணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். “வீட்டுக்காரனைக் கண்டால் எழுந்து நிற்கவேண்டும். கூரை ஒழுகினால் வாயைத் திறக்கக்கூடாது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. அடுப்புப் புகை ஆகாது. விருந்தாளி என்று யாரும் வந்து தங்கக்கூடாது. கொடுத்த இடத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளவேண்டும்.”

“அப்படி ஒருவர் கிடைத்தால் வீடு கொடுப்பீர்களா ஐயா?”

“கிடைத்தால் தெற்குவீதியில் கிணறும் தோட்டமுமாக இருக்கிற என் பெரிய வீட்டையே கொடுப்பேன். அரசர் சாட்சி!”

செங்கோடன் வாசல் பக்கம் திரும்பிச் சீட்டியடித்தான். மிளகு துள்ளி ஓடி வந்தது. அம்பலவாணரைக் கண்டதும் நின்று வாலை ஆட்டியது.

“இவன்தான் ஐயா. கூரை ஒழுகினால் நகர்ந்து படுப்பான். ஆணி அடிக்கமாட்டான், அடுப்பு மூட்டமாட்டான். விருந்தாளி வந்தால் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். ஊர் முழுக்கத் தேடிவிட்டேன். நீங்கள் சொன்னபடி இருக்கிற மனிதன் ஒருவன்கூட இல்லை.”

மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். “வாக்குக் கொடுத்துவிட்டீர் அம்பலவாணரே!”

அம்பலவாணர் பல்லைக் கடித்தார். “கொடுத்தது நாய்க்குத்தான் அரசே. இவருக்கு இல்லை!”

“சரிதான் ஐயா” என்று செங்கோடன் கைகட்டி நின்றான். “வீடு அவனுடையது. நான் அவனுக்குச் சோறு வைப்பவன், குளிப்பாட்டுபவன், காலையில் வெளியே கூட்டிப்போகிறவன். இப்படி ஒரு வேலைக்காரன் கூடவே இல்லாவிட்டால் உங்கள் வீடுதான் நாறிப்போகும்.”

“இருந்துகொள்ளும்! ஆனால் வீடு என்னுடையது. நினைத்த நேரத்தில் நான் உள்ளே வருவேன்!”

“தாராளமாக வாருங்கள். உள்ளே விட அவன் யோசிக்கமாட்டான். வெளியே விடத்தான் கொஞ்சம் யோசிப்பான்.”

அம்பலவாணர் தொப்பென்று உட்கார்ந்தார். மன்னர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டார். மிளகுக்கு அரண்மனைச் சமையலறையிலிருந்து தினம் ஒரு எலும்பு என்று உத்தரவாயிற்று.

பிறகு மன்னர் எதையோ யோசித்தவராய்க் கேட்டார். “அதுசரி செங்கோடா. கண்டதும் எழுந்து நிற்பது, குறை சொல்லாமல் இருப்பது, கொடுத்த இடத்தில் சுருண்டுகொள்வது... இதையெல்லாம் என் மந்திரிகளும்தானே செய்கிறார்கள்?”

“அதனால்தானே அரசே, அவர்கள் எல்லோருக்கும் ராஜவீதியில் வீடு கிடைத்திருக்கிறது!”

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் மந்திரிகள் மன்னரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மன்னர் சிரித்தார். உடனே மந்திரிகள் எல்லோரும் எழுந்து நின்று சிரித்தார்கள்.