தரையில் கால் படாத குதிரை

மந்திப்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. யாரும் அதைச் செலவழித்ததில்லை, பிறகு எப்படிப் பஞ்சம் வரும்? அந்த ஊரிலேயே பெரிய மூளைக்காரர் என்று பெயரெடுத்தவர் சென்னியப்பன். ஒருவர் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் செய்து முடிப்பார். அதனாலேயே அவரிடம் ஒரு வேலை சொல்ல ஊரே பயப்படும்.

பண்ணைக்காரர் தெய்வசிகாமணிக்கு வேறு வழியில்லை. மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார். மகள் வீடு மூன்றாவது மாடியில். அவர் செல்லமாக வளர்த்த சக்கரை என்ற இளங்குதிரைக்கு அங்கே இடமில்லை. சென்னியப்பனையும், அவர் மச்சினன்மார் ராக்கியண்ணன், குப்பணன் இருவரையும் வரவழைத்தார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, குரல் தழுதழுக்கச் சொன்னார்:

“தரையில கால் படாம வளர்த்த பிள்ளை இது. அதட்டற சத்தமே இது காதுல விழுந்ததில்ல. சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி, அதட்டத் தெரியாத ஒருத்தர் கையில ஒப்படைச்சிருங்க. விலை பெரிசில்ல.”

சென்னியப்பனுக்குப் பெரிய கவலை பிடித்துக்கொண்டது. தரையே கண்டிராத பிராணியைச் சந்தைவரை எப்படி நடத்துவது? சக்கரை அப்போது நாலு காலையும் தரையில் ஊன்றிப் புல் மென்றுகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. சொன்ன சொல்லைத்தானே கவனிக்க வேண்டும்?

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மூவரும் முட்டுக்கொடுத்துக் குதிரையை மேலே ஏற்றினார்கள். மாட்டைப் பூட்டப் போன குப்பணனை ராக்கியண்ணன் தடுத்தார். மாடென்றால் அதட்டித்தான் ஓட்ட வேண்டும், அந்தச் சத்தம் சக்கரை காதில் விழாதா என்றார். அதுவும் நியாயம்தான். மாட்டை அவிழ்த்து மேயவிட்டுவிட்டு, மூவரும் நுகத்தடியில் தோள் கொடுத்து இழுத்தார்கள். குதிரை சாவகாசமாக ஊர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை பேரில் அதட்டத் தெரியாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

“கேட்டா எல்லாருமே தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க, மச்சான்” என்றார் குப்பணன்.

சென்னியப்பன் தாடையைச் சொறிந்தார். “அப்ப அதட்டிக் காட்டச் சொல்லுவோம், மாப்ள. நல்லா வந்தா அவருக்கு இல்ல.”

பரீட்சை தொடங்கியது. விலை கேட்டவரையெல்லாம் சென்னியப்பன் கும்பிட்டு, எங்களைக் கொஞ்சம் அதட்டிக் காட்டுங்க என்றார். ஒருவருக்கும் சிரமமே இருக்கவில்லை. இவர்களை அதட்டத் தெரியாத ஆள் அந்தச் சந்தையில் பிறக்கவே இல்லை போலிருந்தது. சும்மா வழியோடு போனவர்கள்கூட நின்று, ஆளுக்கு நாலு வார்த்தை அதட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லோரையும்விட நன்றாகத் தேறியவர் செங்கல் சூளைக்காரர் பொன்னுரங்கம். அவர் வாயையே திறக்கவில்லை. சாட்டையை ஒரு சொடுக்குச் சொடுக்கினார். சக்கரை நடுங்கி வண்டியின் மூலையில் ஒடுங்கியது. கேட்ட விலைக்கு மேலே தருகிறேன் என்று நின்றவரும் அவர்தான். சென்னியப்பன் மூலையில் ஒடுங்கிய சக்கரையைப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வேறு ஆளும் வரவில்லை.

கடைசியில் வந்தவர் பாட்டு டீச்சர் பூங்கோதை. அவருடைய அப்பா ஜட்கா வண்டி ஓட்டியவர். குதிரையோடு வளர்ந்தவருக்கு, இப்போது தோட்டம் மட்டும் இருந்தது, குதிரை இல்லை. சென்னியப்பன் வழக்கம்போல் கும்பிட்டு அதட்டச் சொன்னார்.

டீச்சர் திகைத்தார். பிறகு மெல்லச் சொன்னார். “ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? அதுக்குக் காத்து வரட்டும்.”

மூவரும் காத்திருந்தார்கள். அவ்வளவுதான். இன்னொரு தடவை முயன்று பார்க்கச் சொன்னார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்டார் டீச்சர்.

“சுத்தமாத் தெரியல” என்றார் சென்னியப்பன், மனம் நிறைந்து.

கயிறு கைமாறியது. டீச்சர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டதும் சக்கரை வண்டியிலிருந்து குதித்தது. சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது, டீச்சரின் தோளில் மூக்கை உரசியபடி அது நடந்து போய்க்கொண்டிருந்தது.

“நடக்கறதுக்கு எத்தனை வெரசாக் கத்துக்கிச்சு பாருங்க” என்று குப்பணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலி வண்டியோடு கிளம்பியவர்களைப் பொன்னுரங்கம் மறித்தார். குதிரையை வண்டியில் ஏற்றி இழுத்து வந்தது நீங்கள்தானா என்று விசாரித்தார். சாட்டை இல்லாமலா என்று ஆச்சரியப்பட்டார். மூவரின் தோளையும் தட்டிப் பார்த்தார்; வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். பிறகு, சூளைக்கு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டார்.

மூவரும் ஒதுங்கி நின்று கலந்து பேசினார்கள்.

“காலையில இருந்து எத்தனை பேர் வந்தாங்க” என்றார் ராக்கியண்ணன். “எல்லாரும் குதிரையைத்தான் கேட்டாங்க. நம்மளைக் கேட்ட ஒரே மனுசன் இவருதான்.”

சென்னியப்பனுக்கு நெஞ்சு விம்மியது. உடனே சம்மதித்தார். பொன்னுரங்கம் வண்டியில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நுகத்தடிக்குள் தோளை நுழைத்தபோதுதான் குப்பணன் முகம் வெளுத்தது.

“மச்சான், நமக்கு வால் இல்லீங்கறதை அவர்கிட்டச் சொல்லவே இல்லையே. பார்த்தார்னா, ஏமாத்திட்டோம்னு திருப்பி அனுப்பிருவாரே.”

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். பிறகு மூவரும் வண்டியைப் பார்க்கத் திரும்பி நின்றார்கள். சூளைவரைக்கும் முதலாளியின் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடியே, பின்பக்கமாக நடந்து வண்டியை இழுத்துப் போனார்கள்.