போல்ட்டின் நீளம்

குரு இருந்தது குகையில். சேலத்தில் குகை என்பது ஒரு பகுதியின் பெயர். டவுன் பஸ் போகும். அங்கே ஜைத்தூன் பழைய கார்களுக்கென்றே ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தினார். அவருக்கு வயது முப்பத்தாறு.

சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் சிற்றம்பலம். மாவட்டக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவருடைய ஜீப் தெருமுனையில் தெரிந்தாலே தலைமையாசிரியர்களுக்கு வியர்க்கும். இப்போது எட்டு மாதமாக ஜைத்தூனிடம் தொழில் கற்கிறார். அவர் ஜைத்தூனை ‘மாஸ்டர்’ என்பார். ஜைத்தூன் அவரை ‘சார்’ என்பார்.

சிற்றம்பலத்திடம் ஒரு கார் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் செய்தது. இடையில் யாரோ அதற்கு ஏ.சி. பொருத்தியிருந்தார்கள். அது குளிர்வதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. சாமான் மட்டும் அத்தனையும் என்ஜின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

போன மாதம் அந்தக் காரில் மனைவி வடிவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். ஏழாவது வளைவில் என்ஜின் கொதித்து நின்றது. “கல் எடுத்து வை. தண்ணி கொண்டா. தள்ளி நில்லு” என்று வரிசையாக உத்தரவு போட்டார். வடிவு கைப்பையை எடுத்துக்கொண்டாள். கீழே போகிற பஸ்ஸை நிறுத்தினாள். ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு வந்தது. பேச்சு வரவில்லை.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்” என்றார் சிற்றம்பலம்.

“கேளுங்க சார்.”

“ஆபீசை விட்டு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் வீட்டோட ஒட்ட முடியல. ஏன்?”

ஜைத்தூன் அவருடைய காரின் பானட்டைத் திறந்தார்.

“முதல்ல இந்த ஏ.சி.யைக் கழட்டுங்க. என்ஜினுக்கு மூச்சு முட்டுது.”

குழாயில் மிச்சமிருந்த வாயுவை ஏ.சி. வேலை தெரிந்த ஒருவர் வந்து சிலிண்டரில் இழுத்துக்கொண்டு போனார். அதுவரை ஸ்பேனரைத் தொட மாஸ்டர் விடவில்லை. பிறகு சிற்றம்பலம் ஆரம்பித்தார். பெல்ட்டை எடுத்தார். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறித்த கண்டென்சரை எடுத்தார். குழாய்களை எடுத்தார். கம்ப்ரசரைத் தனியாகத் தூக்கப் போய், இடுப்பு பிடித்து, ‘ஐயோ’ என்றார். மாஸ்டர் ஒரு கை கொடுத்தார். கடைசியாக, கம்ப்ரசரைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டை. அதையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே மூன்று போல்ட்டுகள் பிடித்திருந்தன. பட்டையை உருவிவிட்டு, பம்ப்பை வைத்து, அதே போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினார்.

தரையில் சாமான் குவிந்து கிடந்தது. என்ஜினைச் சுற்றி இப்போது கை நுழைய இடம் இருந்தது.

“எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச பிள்ளை மாதிரி இருக்கு மாஸ்டர்!”

“தண்ணி ஊத்துங்க சார்.”

ஊற்றினார். பம்ப்புக்கு அடியிலிருந்து சொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒழுகியது.

“போல்ட்டை இறுக்கலியா?”

“இறுக்கினேனே! பாருங்க, இம்மி அசையாது.” ஸ்பேனரை மாட்டிக் காட்டினார். அசையவில்லை.

“பம்ப்பை ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினார். கடகடவென்று ஆடியது.

சிற்றம்பலம் திகைத்தார். “போல்ட் இறுகி நிக்குது. பம்ப் ஆடுது. எப்படி மாஸ்டர்?”

ஜைத்தூன் ஒரு போல்ட்டைக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

“ஏ.சி. மாட்டினவங்க பட்டைக்கும் சேர்த்து நீளமா போட்டிருக்காங்க. பட்டையை நீங்க எடுத்துட்டீங்க. போல்ட் அதுக்கு இன்னும் இடம் விட்டு வெச்சிருக்கு. துளைக்கு அடியில போய் முட்டி நின்னுக்குது. அதோட தலை பம்ப்பைத் தொடறதே இல்ல.”

சிற்றம்பலம் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கட்டுமா?”

“எதுக்கு? நல்ல போல்ட்டு. நீளத்தைக் குறைச்சாப் போதும்.”

“எவ்வளவு குறைக்கணும்?”

“போன பட்டை எவ்வளவு தடிமனோ, அவ்வளவு.”

மூன்றையும் அவரே அறுத்தார். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நுனியை அரத்தால் ராவி, துடைத்து, முடுக்கினார். தண்ணீர் ஊற்றினார். தரை காய்ந்தே இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“ஏற்காடு போறேன். நீயும் வர்றியா?”

வடிவு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“கேள்வியா, உத்தரவா?”

“கேள்விதான்.”

அவள் அடுப்பை அணைத்தாள். “புடவை மாத்திட்டு வரேன்.”

கார் ஒரு இடத்திலும் நிற்காமல் மேலே போனது. ஏ.சி. இல்லாததால் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. காபித் தோட்டத்துக் காற்று உள்ளே வந்து வடிவின் முந்தானையைப் பின்சீட்டுக்கு இழுத்தது. அவள் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து மடியில் அமுக்கினாள். பிறகு, தங்கை வீட்டு வளைகாப்பில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நீளமான சண்டை. நடுவே இரண்டு இடங்களில் சிற்றம்பலத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

சொல்லவில்லை.