டிம்பர்ஃபோர்டு பிரபுவின் வெள்ளிப் படிக்கம்

தாழையூர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் கம்பெனிச் சீமை. நடுவில் ராஜா உக்கிரபூபதி. பெயர்தான் உக்கிரம். படகில் கால் வைத்தால் ராஜாவுக்கு வயிற்றைப் புரட்டிவிடும். கடலோர ராஜாவுக்கு இது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமா? அரசவை விகடன் திருமேனிக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் விஜயதசமி தர்பாருக்குக் கம்பெனி ஒரு விருந்தாளியை அனுப்பியது. டிம்பர்ஃபோர்டு பிரபு. அந்தப் பட்டத்தில் ஒன்பதாமவர். வந்தவர் கொலுமண்டபத்தைப் பார்த்தார், சிம்மாசனத்தைப் பார்த்தார், திவான் நரசிங்கராவின் காதில் ஏதோ சொன்னார். திவானுக்கு இங்கிலீஷ் தெரியும். அதனால் துரை எது சொன்னாலும் அவருக்கு நியாயமாகவே படும்.

"மகாராஜா, பிரபுவின் பட்டம் நம் சமஸ்தானத்தைவிடப் பழையதாம். நாளை தர்பாரில் சிம்மாசனத்தில் அவர் இருப்பதுதான் முறையாம். மகாராஜாவுக்குக் கீழே ஒரு நாற்காலி. மெத்தை வைத்த நாற்காலிதான்."

ராஜா முகம் சுண்டிவிட்டது. இறங்கி உட்கார்ந்தால் நாளைக்கே ஊர் சிரிக்கும். மாட்டேன் என்றால் கம்பெனிக்குக் கோபம் வரும், சமஸ்தானமே மிஞ்சாது. திவான் போனதும் திருமேனியைக் கூப்பிட்டார்.

"திருமேனி, நான் சிம்மாசனத்தை விட்டு இறங்கக் கூடாது. துரையின் பட்டத்துக்கும் ஒரு குறை வரக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் நாளையிலிருந்து உன் விகடத்தை வேறு ஊரில் வைத்துக்கொள்."

"உத்தரவு மகாராஜா. மத்தியானச் சாப்பாட்டில் துரை பக்கத்தில் எனக்கு ஓர் இலை போடச் சொல்லுங்கள்."

சாப்பாட்டில் திருமேனி வேறொன்றும் செய்யவில்லை. காது கொடுத்தான். "துரையவர்களின் வம்சப் பெருமையைக் கேட்க ஆசை" என்றான். பிரபு பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். திவான் உருகி உருகித் தமிழில் சொன்னார்.

இரண்டாம் பிரபு தோற்கிற ராஜா பக்கம் நின்று தலையை இழந்தார். மூன்றாமவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, சண்டை முடிந்த பிறகு பக்கம் பார்த்துச் சேர்ந்தார். ஆறாமவர் வேட்டையில் தம் நாயையே சுட்டார். எட்டாமவர், இந்தப் பிரபுவின் அண்ணன், தொண்டையில் மீன்முள் சிக்கிப் போய்ச் சேர்ந்தார். அந்த முள்ளின் புண்ணியத்தில் இவர் ஒன்பதாமவர்.

"முதல் பிரபு?" என்றான் திருமேனி. "அவர் எந்தக் கோட்டையைப் பிடித்தார்?"

பிரபு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோட்டையை எவன் வேண்டுமானாலும் பிடிப்பான். அவர் ராஜாவின் தலையைப் பிடித்தார்."

எங்கள் அரசர் கடல் தாண்டிப் படையெடுத்துப் போனார், கப்பலில் வாந்தி, தலையைத் தாங்கி வாயருகே ஏனம் பிடித்தவர் எங்கள் முன்னோர், என்று பிரபு விளக்கினார். அரசர் கரை ஏறியதும் பட்டம் கொடுத்தார். கடல்மேல் அரசர் இருக்கும்போதெல்லாம் இந்த வம்சத்தார்தான் பக்கத்தில் நின்று ஏனம் பிடிக்க வேண்டும். அது வேறு யாருக்கும் இல்லாத உரிமை. ஐந்தாம் பிரபு ஒரு தடவை மூக்கைப் பொத்திக்கொண்டார்; அன்றே பட்டம் பறிபோய்ச் சித்தப்பா மகனுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளி ஏனத்தை இன்றும் போகிற இடமெல்லாம் கொண்டுபோகிறார்களாம்.

பிரபுவின் வேலைக்காரன் எடுத்து வந்து காட்டினான். திருமேனி கண்ணில் ஒற்றிக்கொண்டான். நம் ஊரில் வெற்றிலை எச்சில் துப்பப் படிக்கம் வைப்போமே, அச்சு அசல் அதுதான்.

சாப்பாடு முடிந்ததும் நேரே ராஜாவிடம் போனான். "நாளை தர்பார் கழிமுகத்தில், பெரிய தோணிமேல்."

"தோணியிலா? என் வயிறு தெரிந்துதான் பேசுகிறாயா?"

"அந்த வயிற்றை நம்பித்தான் மகாராஜா."

மறுநாள் தோணிமேல் சிம்மாசனம். கீழே மெத்தை நாற்காலி. ராஜா கண்ணை மூடிக்கொண்டு ஏறிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார். கரையெல்லாம் ஜனம். பிரபு ஏறி வந்து, "ஏன் இன்னும் இறங்கவில்லை?" என்பதுபோல் திவானைப் பார்த்தார்.

திருமேனி முன்னால் வந்து கும்பிட்டான். அவன் கையில், துரையின் வேலைக்காரனிடம் கேட்டு வாங்கிய அந்த வெள்ளிப் படிக்கம்.

"துரையின் பட்டத்தை முழுசாக மதிக்க வேண்டும் என்பது மகாராஜா உத்தரவு. இது கடல். இவர் அரசர். துரைக்குரிய இடம் இதோ, மகாராஜாவின் தலைமாட்டில். உட்காரும் இடம் இல்லை, நிற்கும் இடம்."

திவான் சொல்லக் கேட்டுப் பிரபு சிவந்துபோனார், இங்கிலீஷில் வெடித்தார். திவான் மொழிபெயர்த்தார்: "இவர் என் ராஜா இல்லை என்கிறார்."

"அப்படியானால் துரை பட்டம் இங்கே செல்லாதா? செல்லாத பட்டத்துக்குச் சிம்மாசனம் எதற்கு? செல்லும் என்றால் படிக்கத்தைப் பிடிக்கட்டும். மூக்கைப் பொத்தாமல் பிடிக்கட்டும், ஐந்தாமவர் கதி நமக்கு வேண்டாம். எது சௌகரியமோ செய்யட்டும்."

தோணி ஒரு தடவை ஏறி இறங்கியது. ராஜாவின் முகம் வெற்றிலை நிறத்துக்கு வந்தது. பிரபு அந்த முகத்தைப் பார்த்தார், படிக்கத்தைப் பார்த்தார். சட்டென்று அதை வாங்கித் திவான் கையில் திணித்தார்.

"இன்றைக்கு நான் வெறும் விருந்தாளி. பட்டத்தைக் கரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லு" என்று மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திவான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அலை வந்தது. ராஜா குனிந்தார். படிக்கம் இருந்தது திவான் கையில்.

சாயங்காலம் இஞ்சிக் கஷாயம் குடித்துத் தெளிந்த பிறகு, திவான் நின்ற கோலத்தை நினைத்து நினைத்து ராஜா விலா நோகச் சிரித்தார்.

"திருமேனி, உனக்கும் ஒரு பட்டம் தருகிறேன். வெள்ளைக்காரன் மாதிரியே, வம்சபரம்பரையாக."

"வேண்டாம் மகாராஜா. காதுக் கடுக்கனாகக் கொடுத்துவிடுங்கள்."

"ஏனப்பா?"

"துரையின் முப்பாட்டன் தம் ராஜாவின் வாந்தியைப் பிடித்தார், அந்த வம்சம் இன்றும் ஏனத்தோடு திரிகிறது. நான் மகாராஜாவை வாந்தியெடுக்க வைத்தவன். என் பேரப்பிள்ளைகள் உங்கள் பேரப்பிள்ளைகளை என்ன பாடு படுத்த வேண்டிவருமோ, யோசித்துப் பாருங்கள்."

ராஜா வயிற்றைத் தடவிக்கொண்டே காதிலிருந்த கடுக்கனைக் கழற்றினார்.