முளை அடிக்க இடம்

புதிதாகத் திறந்த கண் வார்டைக் காட்டுவதற்காகத் தன் குருவைக் கூட்டி வந்திருந்தார் டாக்டர் பொன்மலர். குரு ஞானதுரை அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் புரை எடுத்தவர். இப்போது ஓய்வு. கையில் தடி.

புது மெஷின், புது லென்ஸ், வெள்ளை விரிப்பு எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

"எல்லாம் இலவசம் சார். தையல்கூடக் கிடையாது. ஆனாலும் யாரும் வர மாட்டேங்காங்க. இப்படியே கிடந்தா மெஷினை வேற ஊருக்குத் தூக்கிருவாங்க. நேத்து ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு கண்ணும் புரை. தனி ஆளு. 'இன்னைக்கே படுங்க'ன்னேன். 'பொறவு வாரேன் தாயி'ன்னு சுவரைத் தடவிக்கிட்டே போயிட்டாங்க. எங்க சார் தப்பு?"

"நம்ம பள்ளிக்கூட முகாம் ஞாபகம் இருக்கா?" என்றார் குரு.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட கட்டில். தலை அசையாதிருக்க இருபுறமும் மணல் மூட்டை. கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட வாய்ப்பாடு. அதுபோல் சந்தோஷமாக அதற்குப் பிறகு பொன்மலர் வேலை பார்த்ததே இல்லை.

"மாடத்தியை மறக்க முடியுமா சார்? வீட்டுல ஆடு கத்தும்னு ஆபரேஷன் மேஜையில இருந்து எந்திரிச்சிட்டா. நீங்க ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வரச் சொல்லி கொடிமரத்துல கட்டிட்டீங்க. அதுகளுக்கு வேப்பங்குழை ஒடிச்சுப் போடுற வேலை எனக்கு. டாக்டருக்குப் படிச்சது இதுக்குத்தானான்னு அழுதேன்."

"கண்ணுக் கட்டை அவுத்ததும் என்ன சொன்னா?"

"உங்களையும் பாக்கல, என்னையும் பாக்கல. 'எங்குட்டி எளைச்சிருச்சே, எவ பாத்தா இதை?'ன்னு ஒரே சத்தம்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"அடுத்த முகாமுக்கு ஆடும் மாடுமா ஊரே வந்துச்சே சார்," என்றார் பொன்மலர். "அதெல்லாம் அந்தக் காலம்."

குரு வார்டின் பின்கதவைத் திறந்து வெளியே இறங்கினார். புல்தரை போடுவதற்காகக் கொத்தி வைத்திருந்த மண். தடியை ஊன்றி அழுத்திப் பார்த்தார்.

"முளை அடிச்சா நல்லா இறங்கும்," என்றார். "நேத்து வந்த அம்மாவுக்கு ஆடா, மாடா?"

பொன்மலர் அந்த அம்மாவிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.