கீழ்வீட்டுச் சிரிப்பு

வீரவநல்லூர் பூவலிங்கம் அண்ணாச்சிக்கு மாடியும் கீழுமாக ஒரு வீடு. மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். கீழே தறிக்காரர் சுடலைமணி, மனைவி மகளோடு வாடகைக்கு இருந்தார். தறி சரியாக ஓடாமல் போனதிலிருந்து வாடகை பாக்கி விழுந்தது.

பாக்கிக்கு அண்ணாச்சி வைத்திருந்த வைத்தியம் ஒன்றுதான். கீழ்வீட்டுத் தண்ணீர்க் குழாயின் வால்வை அடைத்து, கைப்பிடியைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார். முன்பு குடியிருந்தவர்கள் அழுது புலம்பி, கடன் வாங்கியாவது கொண்டுவந்து கொட்டினார்கள்.

சுடலைமணி வீட்டில் யாரும் அழவில்லை. மூன்று பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார்கள். போகும்போதும் சிரிப்பு, வரும்போதும் சிரிப்பு. பொழுது சாய்ந்தால் கீழே தட்டு வைக்கும் சத்தத்தோடு இன்னும் கொஞ்சம் சிரிப்பு. மாடியில் அண்ணாச்சியும் மனைவியும் நெய் ஊற்றிய சோற்றை உம்மென்று தின்பார்கள். அண்ணாச்சிக்கு அந்தச் சோறு இறங்காது. அது வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு அண்ணாச்சியின் வயதில் பாதிகூட இராது. ஆனாலும் அவரிடம் உபதேசம் பெற்ற சீடர் அண்ணாச்சி. போய்ச் சொன்னார்.

"வாடகை தராதவனை என்ன சாமி செய்ய?"

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"தண்ணியை அடைச்சேன்."

"தந்தாரா?"

"சிரிக்கான் சாமி."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாரேன்" என்றார் சாமி.

வெள்ளிக்கிழமை மாடியில் வடை பாயசத்தோடு இலை விழுந்தது. அண்ணாச்சி மடம் வரை போய் அழைத்துவந்தார். வழியெல்லாம் அவர் கை மடியை விட்டு எடுபடவில்லை.

"மடியில கனமோ அண்ணாச்சி?" என்றார் சாமி.

"ஒண்ணுமில்ல சாமி."

வாசல் வந்ததும் சாமி படியேறவில்லை. "தாகமா இருக்கு" என்று கீழ்வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அண்ணாச்சி படிக்கட்டிலேயே நின்றார்.

உள்ளே சொம்பு வைக்கும் சத்தம் கேட்டது. "கூழுதான் சாமி இருக்கு, குடிப்பீங்களா?" என்று சுடலைமணியின் மனைவி கேட்டாள். "வெங்காயம் இருக்கா?" என்றது சாமியின் குரல். அப்புறம் மகள் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சாமியின் சிரிப்புதான் பலமாகக் கேட்டது.

இத்தனை நாள் மடத்துக்கு எண்ணெயும் அரிசியும் சுமந்தவர் அண்ணாச்சி. அவரோடு இருக்கையில் சாமி ஒருநாளும் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. வாடகையையும் தராமல், குருவையும் பறித்துக்கொண்டானே என்று இருந்தது.

சாமி வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மேல இலை போட்டாச்சு சாமி."

"வயிறு நெறஞ்சு போச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. "அவனைக் காலி பண்ணச் சொல்லட்டுமா?"

"பாக்கிக்கு அவர் ஒரு வழியும் சொல்லலியா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வாங்கினதும் கொஞ்சங் கொஞ்சமாத் தாரேங்கான்."

"தரலையோ?"

"கொண்டாந்தான். நான் வாங்கல."

"ஏன்?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "குடுக்க வரும்போதும் சிரிச்சுக்கிட்டே வாரான் சாமி."

சாமி படிக்கட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் காட்டினார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"சரி. காலி பண்ணச் சொல்லிருங்க" என்றார் சாமி. "உங்க வீடு."

அண்ணாச்சிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "நாளைக்கே சொல்லிருதேன்."

"சொல்லுங்க. அடுத்து வாரவங்க, மாசம் பொறந்ததும் வாடகையை உங்க கையில வச்சிட்டு, கீழ போய்ச் சிரிச்சாங்கன்னா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

உள்ளே மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் கை மடிக்குப் போனது. வால்வின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.